769 தாள்கள்: ஷார்லொட்டே சாலமனிடம் நான் கற்ற வேலை

ஷார்லொட்டே சாலமனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முடிவிலிருந்துதான் தொடங்குவார்கள். 1943 அக்டோபர், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாம், வயது 26, வயிற்றில் குழந்தை. படித்தவுடன் தொண்டை அடைத்துவிடும். அதன்பிறகு அவர் வரைந்த எந்தத் தாளைப் பார்த்தாலும் அந்தச் சாவுதான் முன்னால் வந்து நிற்கும். "தூரிகை பிடித்த ஆன் ஃபிராங்க்" என்று ஒரு பட்டமும் சுலபமாகக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பட்டம் பிடிக்கவில்லை. ஷார்லொட்டே நாட்குறிப்பு எழுதிய சிறுமி இல்லை. பெர்லினில் முறையாக ஓவியம் படித்தவர். தன் குடும்பக் கதையைத் திட்டம் போட்டு, கழித்துக் கட்டி, எண் போட்டு, ஒரு நாடகமாக முடித்து வைத்தவர். அவர் எப்படி வேலை செய்தார் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். நான் சிறுவர் பத்திரிகைகளுக்குப் படம் போடுகிறவள். ஆம்ஸ்டர்டாமில் குடியேறிய பிறகு எங்கள் வீட்டுக் கதை ஒன்றை வரைய முடிந்தது அவர் வேலையைப் பார்த்துத்தான்.

அந்தப் படைப்பின் பெயர் "வாழ்வா? நாடகமா?". 1,300க்கும் மேற்பட்ட தாள்கள் வரைந்து, அதிலிருந்து 769 தாள்களைத் தேர்ந்தெடுத்து எண் கொடுத்திருக்கிறார். எல்லாம் குவாஷ் வண்ணம், அதாவது தண்ணீரில் குழைத்துக் கெட்டியாகப் பூசுவது. ஒவ்வொரு தாளும் 32.5 சென்டிமீட்டருக்கு 25 சென்டிமீட்டர், அதாவது நம் ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரிது. படத்தோடு வசனம், வசனத்தோடு பாட்டு. "பாட்டும் பேச்சும் கலந்த நாடகம்" என்று அவரே அதற்கு வகை சொல்லியிருக்கிறார். சங்கரதாஸ் சுவாமிகள் வழி வந்த ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: பேசிக்கொண்டே இருப்பார்கள், நடுவில் உணர்ச்சி ஏறியதும் பாட்டில் இறங்கிவிடுவார்கள். ஷார்லொட்டே அதைத் தாளில் செய்தார்.

அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1917 ஏப்ரல் 16, பெர்லினில் வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா ஆல்பர்ட் சாலமன் அறுவை மருத்துவர். மார்பகப் புற்றுநோயை எக்ஸ்ரேயில் ஆராய்வதில் முன்னோடி. இன்றைய மேமோகிராம் பரிசோதனையின் வரலாற்றைத் தொடங்கும்போது 1913இல் அவர் செய்த ஆய்வைத்தான் சொல்வார்கள். அம்மா ஃபிரான்சிஸ்கா முதல் உலகப்போரில் தாதியாக இருந்தவர். 1926இல், ஷார்லொட்டேவுக்கு 8 வயதிருக்கும்போது, அம்மா ஜன்னல் வழியே குதித்து உயிரை விட்டார். குழந்தையிடம் "இன்ஃபுளுவென்சா காய்ச்சல்" என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவின் தங்கையும் 1913இலேயே நீரில் மூழ்கித் தன்னை மாய்த்துக்கொண்டவர். அவர் பெயரும் ஷார்லொட்டேதான். அந்தப் பெயரைத்தான் இந்தக் குழந்தைக்கு வைத்தார்கள், எப்படிப் போனார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இதில் ஒரு தாள்வரிசையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அம்மா மகளைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு சொர்க்கத்தைப் பற்றிச் சொல்கிறாள். அங்கே எல்லாம் பூமியைவிட அழகாக இருக்குமாம். அம்மா ஒரு நாள் தேவதையாகிவிட்டால், அங்கே எப்படி இருக்கிறது என்று எழுதி, கடிதத்தை ஜன்னல் திண்டில் கொண்டுவந்து வைப்பாளாம். குழந்தை சரி என்கிறது. அம்மா போனபின் ராத்திரியில் எழுந்து எழுந்து ஜன்னலுக்குப் போய்ப் பார்க்கிறது. கடிதம் வரவில்லை. இதை வரையும்போது ஷார்லொட்டேவுக்கு உண்மை தெரியும். அம்மா போனதும் ஒரு ஜன்னல் வழியாகத்தான் என்று தெரியும். ஆனால் தாளில் எட்டு வயதுக் குழந்தைக்குத் தெரிந்ததை மட்டும் வைக்கிறார். ஆத்திரம் இல்லை, விளக்கம் இல்லை.

எழுத்தோ ஓவியமோ செய்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். அந்தந்த வயதில் என்ன தெரிந்ததோ அதோடு நிறுத்திக்கொள்வது பெரிய கட்டுப்பாடு. பின்னால் தெரிந்துகொண்டதை முன்னால் கொண்டுவந்து கொட்டத்தான் கை துடிக்கும்.

1930இல் அப்பா, பாவ்லா லிண்ட்பெர்க் என்ற பாடகியை மணந்தார். வீடு பாட்டும் விருந்துமாக மாறியது. 1933இல் ஹிட்லர் வந்தபின் யூதக் கலைஞர்களுக்குப் பொது மேடைகள் மூடப்பட்டன. யூதர்களுக்காக யூதர்களே நடத்திக்கொள்ளும் கலாசாரச் சங்கம் ஒன்றை கர்ட் சிங்கர் என்பவர் அமைத்தார், பாவ்லா அதில் பாடினார். ஷார்லொட்டே பள்ளியை விட்டு நின்றார். பிறகு, யூத மாணவர்களுக்குக் கதவு ஏறக்குறைய மூடியிருந்த காலத்தில், பெர்லின் அரசுக் கலைப்பள்ளியில் எப்படியோ இடம் கிடைத்தது. அங்கே நடந்த ஒரு போட்டியில் அவர் படம் முதலில் வந்தும், யூதப் பெண் என்பதால் பரிசு வேறொருத்தருக்குப் போனது. 1938 நவம்பரில் யூதர் கடைகளையும் தொழுகைக் கூடங்களையும் அடித்து நொறுக்கிய இரவுக்குப் பிறகு அப்பாவை ஸாக்ஸன்ஹவுசன் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பாவ்லா அங்கே இங்கே ஆளைப் பிடித்து மீட்டுக் கொண்டுவந்தார். 1939 ஜனவரியில் ஷார்லொட்டேவை பிரான்ஸின் தென்கரையில், நீஸ் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள வில்ஃபிரான்ஷில் இருந்த தாத்தா பாட்டியிடம் அனுப்பிவைத்தார்கள். ஆட்டிலி மூர் என்ற அமெரிக்கப் பெண்மணி தன் வில்லாவில் அவர்களுக்கு இடம் கொடுத்திருந்தார்.

போர் தொடங்கியதும் பாட்டிக்கு மனம் உடைந்தது. முதல் முயற்சியில் காப்பாற்றிவிட்டார்கள். பாட்டியைத் தேற்ற ஷார்லொட்டே பக்கத்தில் உட்கார்ந்து பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் வரும் ஆனந்தப் பாட்டைப் பாடுவதாக ஒரு தாள் இருக்கிறது. 1940 மார்ச்சில் பாட்டியும் ஜன்னல் வழியே போய்விட்டார். அப்போதுதான் தாத்தா வாயைத் திறந்தார்: அம்மா, சித்தி, இன்னும் யார் யார், எப்படி எப்படி என்று மொத்தத்தையும் பேத்தி தலையில் போட்டார். போதாததற்கு, நீயும் போய்ச் சேர், இந்தப் புலம்பலாவது ஓயும் என்கிற தொனியில் பேசினார். அந்தக் கோடையில் பிரெஞ்சு அதிகாரிகள் ஜெர்மனியிலிருந்து வந்தவர்களை எல்லாம் எதிரி நாட்டவர் என்று சொல்லி அடைத்துவைத்தபோது, இருவரும் பிரனீஸ் மலையடிவாரத்து கூர்ஸ் முகாமுக்குப் போய் வந்தார்கள். தாத்தாவின் தள்ளாமையைக் காரணம் காட்டி விட்டுவிட்டார்கள்.

அந்த ரயில் பயணத்தைப் பற்றி ஷார்லொட்டே எழுதியிருப்பதுதான் என்னை முதலில் உலுக்கியது. இந்தத் தாத்தாவோடு தனியாக ஒரு இரவு இருப்பதைவிட, நெரிசலான இந்த ரயிலில் இன்னும் பத்து இரவுகள் இருந்துவிடலாம் என்கிறார். முகாமுக்குப் போய்வரும் வழியில் ஒரு பெண் சொல்லும் பேச்சு இது! 769 தாள்களில் கூர்ஸுக்குக் கிடைத்த இடம் சொற்பம். அணிவகுப்பு, கொடி, கைது எல்லாம் வருகின்றன, ஆனால் அவை வீட்டுக்குள் எந்த வாசல் வழியாக நுழைந்தனவோ அந்த வாசலில் மட்டும் வருகின்றன. மீதி முழுக்க அம்மா, பாட்டி, சிற்றன்னை மேல் மயக்கம், ஒரு பாட்டு வாத்தியார் மேல் காதல். போர்க்காலத்தில் வாழ்ந்தவர் போரைத்தான் வரைய வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவர் நாஜிகளுக்குக் கதாநாயகன் வேடம் கொடுக்க மறுத்துவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

உள்ளூர் மருத்துவர் மொரிடிஸ், படம் வரை என்று சொன்னாராம். வரையத் தொடங்கினார். பிறகு பக்கத்திலிருந்த சாங்-ஜான்-காப்-ஃபெராவில் "அழகிய விடியல்" என்று பொருள்படும் பெயருள்ள சின்ன ஹோட்டலில் அறை எடுத்தார். அந்த ஹோட்டல் உரிமையாளர் பின்னாளில் நினைவுகூர்ந்தது: அந்தப் பெண் வரைந்துகொண்டே இருப்பாள், வாயில் ஏதாவது பாட்டை முனகிக்கொண்டே இருப்பாள். படைப்பு பெரும்பாலும் 1941, 1942 ஆண்டுகளில் உருவானது.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டிலும் ஒரு சித்தி உண்டு. அம்மாவின் கடைசித் தங்கை. நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது "வயித்து வலியில போயிட்டா" என்றார்கள். தினசரிப் பத்திரிகை படித்து வளர்ந்த தமிழர்களுக்கு அந்த வயிற்று வலி என்னவென்று சொல்லத் தேவையில்லை. கல்யாணமாகிப் போன பிறகுதான் எனக்கே புரிந்தது. ஷார்லொட்டேவின் ஜன்னல் தாள்களைப் பார்த்த அன்றைக்கே சித்தியை வரைய வேண்டும் என்று தோன்றிவிட்டது. ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஏட்டி, அவ போயி எத்தன வருசமாச்சு. இப்ப அத எதுக்குக் கிளறுத?"

"வரையலாம்னு இருக்கேம்மா."

"ஒரு மண்ணும் வேண்டாம். நாலு பேரு பாக்கதுக்கா?"

வைத்துவிட்டாள். நெல்லையில் என் சொந்தம் பாதிப்பேர் இன்னும் இருக்கிறார்கள். சித்தப்பா இருக்கிறார். சித்தியின் பெயரைப் போட்டு நான் வரைந்தால் தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியாது. இந்த இடத்தில்தான் ஷார்லொட்டேவின் முதல் உபாயம் கைகொடுத்தது: பெயரை மாற்றிவிடுவது. அதுவும் ஏனோதானோவென்று இல்லை, கொஞ்சம் நக்கலாக. சங்கீதச் சிற்றன்னைக்கு "பாவுலிங்கா பிம்பாம்". கலாசாரச் சங்கத் தலைவருக்கு "டாக்டர் சிங்சாங்". பாட்டு வாத்தியார் ஆல்ஃபிரட் வோல்ஃப்சோனுக்கு "அமதேயுஸ் டாபர்லோன்". தன்னையே "ஷார்லொட்டே கான்" என்று ஒரு பாத்திரமாக்கி, அவள் வந்தாள், அவள் போனாள் என்று படர்க்கையில் சொல்கிறார். கையெழுத்து வெறும் இரண்டெழுத்து, பெயரின் முதலெழுத்துகள்.

பெயர் மாறியதும் என் கைக்கும் விலங்கு கழன்ற மாதிரி இருந்தது. சித்திக்கு ஒரு நாடகப் பெயர் வைத்தேன், சித்தப்பாவுக்குச் சவடாலான ஒரு பெயர் வைத்தேன். என்னைக்கூட ஒரு வாலுப்பெண்ணாக மாற்றிக்கொண்டேன். மாற்றிய பிறகுதான் சித்தி சிரித்த நாட்கள் ஞாபகம் வந்தன. அதற்கு முன்னால் "சித்தி" என்றாலே கடைசி நாள் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. குடும்பத்து ரகசியத்தை எழுத நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள்: பாத்திரப் பட்டியல் ஒன்று போடுங்கள், நாடக நோட்டீஸ் மாதிரி. ஷார்லொட்டேவும் முதலில் பாத்திரங்களைத்தான் அறிமுகப்படுத்துகிறார்.

அடுத்தது வண்ணம். அவர் அடிப்படையாக வைத்துக்கொண்டது சிவப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை. மற்ற எல்லாம் அதிலிருந்து குழைத்ததுதான். போர்க்காலத் தட்டுப்பாடு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் விளைவைப் பாருங்கள், நூற்றுக்கணக்கான தாள்களும் ஒரே குடும்பம் போல இருக்கின்றன. ஷார்லொட்டேவின் சித்தி சாகும் முதல் காட்சி இருண்ட நீலத்தில் கிடக்கிறது. குழந்தைப் பருவத்தில் நிறங்கள் தெளிவாக, சின்னச்சின்ன உருவங்களாக, ஒரே தாளில் பல காட்சிகளாக வருகின்றன. கடைசிப் பகுதிக்கு வர வர உருவங்கள் கரைந்து, எழுத்து பெரிதாகி, தூரிகை ஓடுகிறது. நேரம் இல்லை என்பது கோட்டிலேயே தெரிகிறது. அவர் அதைத் திருத்திச் சீராக்கவில்லை.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு விலை உயர்ந்த குவாஷ் தேவையே இல்லை. நம் பள்ளிக்கூடக் காலத்துப் போஸ்டர் கலர் போதும். மூன்று நிறம், வெள்ளை, அவ்வளவுதான். கறுப்பை வாங்காதீர்கள். மூன்றையும் குழைத்தால் வரும் அழுக்குக் கருமை, டப்பாக் கறுப்பைவிட நன்றாகவே இருக்கும். தாள் கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும், 200 ஜிஎஸ்எம்முக்குக் குறைந்தால் தண்ணீர் பட்டு நெளிந்துவிடும்.

மூன்றாவது விஷயம்தான் எனக்கு மிகவும் பயன்பட்டது. முன்பகுதித் தாள்களில் வசனத்தைப் படத்தின் மேல் எழுதாமல், ஒளி ஊடுருவும் மெல்லிய தாளில் எழுதிப் படத்தின் மேல் ஒட்டியிருக்கிறார். அதைத் தூக்கினால் வெறும் படம். போட்டால் பேச்சோடு படம். ஒரு வாக்கியம் எந்த ஆளுக்கு மேலே விழுகிறதோ அவர் பேசுகிறார். இதற்கு நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் பட்டர் பேப்பர் அச்சாகப் பொருந்தும். ஈரத் தூரிகை வேண்டாம், சுருங்கும்; பென்சிலோ உலர்ந்த மைப் பேனாவோ போதும். மேல் விளிம்பில் மட்டும் ஒட்டுங்கள். இதில் என்ன லாபம் என்றால், படம் சரி, வசனம் தப்பு என்று தோன்றினால் மேல்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கும் விஷயங்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது. படம் அமைதியாக இருக்கட்டும், பேச்சைப் பிறகு முடிவு செய்யலாம்.

பாட்டு. அவர் முன்னுரையில் வேலை நடந்த விதத்தைச் சொல்கிறார்: ஒருவர் கடலோரம் உட்கார்ந்து வரைகிறார், திடீரென்று ஒரு மெட்டு மனதில் வருகிறது, முனகத் தொடங்கினால் தான் தாளில் கொண்டுவர நினைத்ததற்கு அது சரியாகப் பொருந்துகிறது, அந்த மெட்டிலேயே வார்த்தை அமைகிறது. அதனால் பல காட்சிகளுக்கு இன்ன பாட்டின் மெட்டில் என்று குறிப்பும் கொடுத்திருக்கிறார். பாக், குளுக், "கார்மென்" ஓப்பரா, நாட்டுப்பாட்டு, எல்லாம் வரும். சில இடங்களில் மெட்டு காட்சியைக் கிண்டல் செய்யும். துக்கமான இடத்தில் கல்யாணப் பாட்டு மெட்டு. அங்கேதான் அவருடைய குறும்பு தெரியும். அவரைத் துயரத்தின் உருவமாக மட்டும் பார்க்கிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். நான் ஒவ்வொரு தாளுக்கும் சித்தி வேலை செய்யும்போது முணுமுணுத்த பழைய சினிமாப் பாட்டுகளை ஓட்டிக்கொண்டே வரைந்தேன். வேகம் வருகிறது. யோசனை குறைகிறது. அடுப்படிக் காட்சியெல்லாம் அப்படித்தான் வந்தது.

எல்லாமே அற்புதம் என்று சொல்ல மாட்டேன். நடுப்பகுதியில் டாபர்லோன் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் பட்ட அதிர்ச்சியிலிருந்து குரல் மூலமாக மீண்டவர் அவர். சாவைத் தொட்டு வந்தவனால்தான் வாழ்வை நேசிக்க முடியும் என்பது அவர் தத்துவம். தாளுக்குத் தாள் அவர் தலை, அதே தலை, வரிசையாக, சாய்ந்தபடி, படுத்தபடி, பேசிக்கொண்டே. முதல் தடவை எனக்குக் கொட்டாவி வந்தது. ஆனால் தொடர்ந்து பார்த்தால் ஒன்று புரியும். காதலில் இருக்கும் இருபது வயதுப் பெண்ணுக்கு ஒருவன் பேசும்போது அவன் தலை அப்படித்தான் பெருகும். சலிப்பையும் சேர்த்தே வரைந்திருக்கிறார். இருந்தாலும் முதல் முறை பார்க்கிறவர்கள் அந்தப் பகுதியை வேகமாகத் தள்ளிப் போகலாம், குடி முழுகிவிடாது.

அவர் தள்ளிவைத்த தாள்களும் ஒரு பாடம். 1,300க்கு மேல் வரைந்தவர் பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் எடுத்துக்கொண்டார். எடுத்தவற்றை முன்னுரை, முக்கியப் பகுதி, பின்னுரை என்று பிரித்து அடுக்கினார். அவசரம் கழுத்தைப் பிடிக்கும் காலத்திலும் இந்தக் கழித்தலுக்கு நேரம் ஒதுக்கியவர் கைவேலைக்காரர். எங்களைப் போன்றவர்கள் வரைந்ததை எல்லாம் ஃபோனில் ஏற்றிவிடுகிறோம்.

தாத்தா விஷயம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் நேர்மை ஆகாது. தாத்தா 1943 பிப்ரவரியில் இறந்தார். வோல்ஃப்சோனை நோக்கி ஷார்லொட்டே எழுதிய நீண்ட கடிதம் ஒன்று பல பத்தாண்டுகள் குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. 2010களில்தான் வெளியே வந்தது. அதில் தாத்தாவுக்கு ஆம்லெட்டில் விஷம் வைத்ததாக எழுதுகிறார். நடந்ததா, நாடகமா என்று ஆய்வாளர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள். படைப்பின் தலைப்பே கேள்விக்குறிகளோடு நிற்கும்போது நமக்கு மட்டும் என்ன தீர்ப்பு வேண்டியிருக்கிறது? நான் சித்தப்பாவை வரையும்போது இதை மனதில் வைத்துக்கொண்டேன். அவர் என்ன செய்தார் என்பது எனக்கு நேரடியாகத் தெரியாது. தெரிந்த வரைக்கும் வரைந்தேன்: திண்ணையில் உட்கார்ந்து சோற்றைத் தள்ளிவிடும் கை. அதற்கு மேல் இட்டுக்கட்டினால் அது பழிவாங்கல்.

இன்னொன்று, கறாராகவே சொல்கிறேன். இந்த மாதிரி சாவுகளை வரைகிறவர்கள் தனியாக உட்கார்ந்து ராத்திரி வேளையில் வரையாதீர்கள். பக்கத்தில் பேச ஒரு ஆள் இருக்கட்டும். மனம் இறங்கிக்கொண்டே போனால் தாளை மூடிவிட்டு மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். ஷார்லொட்டே வரைந்து மீண்டார் என்று கதைப்பது எளிது. அவருக்கும் சொல்ல ஒரு மருத்துவர் இருந்தார்.

அந்த மருத்துவர் மொரிடிஸ்தான் கடைசியிலும் வருகிறார். 1943 ஜூனில் ஷார்லொட்டே, அதே வில்லாவில் அடைக்கலம் புகுந்திருந்த அலெக்சாண்டர் நாக்லர் என்ற அகதியை மணந்தார். படைப்பு முழுவதையும் கட்டி மொரிடிஸிடம் கொடுத்து, இதைப் பத்திரமாக வைத்திருங்கள், என் முழு வாழ்க்கையும் இதில் இருக்கிறது என்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. அதுவரை அந்தக் கரையோரம் இத்தாலியர் வசம் இருந்ததால் யூதர்கள் ஓரளவு மூச்சுவிட முடிந்தது. செப்டம்பர் 8இல் இத்தாலி சரணடைந்த செய்தி வந்ததும் ஜெர்மானியர்கள் நீஸுக்குள் நுழைந்தார்கள். அலோய்ஸ் புருன்னர் என்ற நாஜி அதிகாரியின் ஆட்கள் வீடு வீடாக வேட்டையாடினார்கள். அந்த மாதக் கடைசியில் இருவரையும் பிடித்து, பாரிஸுக்குப் பக்கத்திலுள்ள டிரான்சி முகாம் வழியாக, அக்டோபர் 7 ரயிலில் ஆஷ்விட்ஸ் அனுப்பினார்கள். ரயில் போய்ச் சேர்ந்தது அக்டோபர் 10. வந்த அன்றே அவரைக் கொன்றிருக்க வேண்டும்.

அப்பாவும் பாவ்லாவும் ஆம்ஸ்டர்டாமுக்குத் தப்பி வந்து, வெஸ்டர்போர்க் முகாமில் அடைபட்டு, அங்கிருந்தும் தப்பி, ஒளிந்து வாழ்ந்து பிழைத்தார்கள். மொரிடிஸ் கட்டைக் காப்பாற்றி, போர் முடிந்து திரும்பி வந்த ஆட்டிலி மூரிடம் ஒப்படைத்திருந்தார்; படைப்பு அவருக்குத்தான் சமர்ப்பிக்கப்பட்டிருந்தது. 1947இல் பெற்றோர் அங்கே போய் அதைப் பெற்றுக்கொண்டார்கள். மகள் தங்களைப் "பாவுலிங்கா பிம்பாம்" குடும்பமாக வரைந்து வைத்திருப்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. 1961இல் ஆம்ஸ்டர்டாமில் முதல் காட்சி. 1971இல் எல்லாவற்றையும் இங்குள்ள யூத அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நேரில் பார்க்க வருகிறவர்களுக்கு: அருங்காட்சியகம் வாட்டர்லூப்ளெய்ன் மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். பழைய தொழுகைக் கூடங்கள் நான்கைச் சேர்த்து அமைத்த கட்டடம். ஆனால் காகிதத்தில் குவாஷ் வெளிச்சம் தாங்காது. ஆகவே ஒரு நேரத்தில் சில தாள்கள் மட்டுமே வைப்பார்கள், சில சமயம் ஒன்றுமே வெளியில் இருக்காது. கேட்டுவிட்டு வாருங்கள். அவர் பிறந்து 100 ஆண்டு நிறைவையொட்டி 2017இல் முழுவதையும் தொங்கவிட்டார்கள், அது எப்போதாவது நடப்பது. அதனால் முதலில் அருங்காட்சியக இணையதளத்தில் எல்லாத் தாள்களையும் வரிசைப்படி பாருங்கள். மேல்தாளோடும் மேல்தாள் இல்லாமலும் பார்க்கலாம். நடுவில் தாவாதீர்கள், முதல் தாளிலிருந்து போங்கள். பெர்லின் போகிறவர்கள் வீலண்ட் தெரு 15ஆம் எண் வீட்டு வாசலில் குனிந்து பார்த்தால், நடைபாதையில் பதித்த சின்னப் பித்தளைத் தகட்டில் அவர் பெயர் இருக்கும்.

நான் வரைந்தவற்றை எண் போட்டு, ஸ்கேன் எடுத்து, ஒரு பிரதியை நம்பிக்கையான தோழியிடம் கொடுத்து வைத்தேன். மூலத்தில் கொஞ்சத்தை ஊருக்குப் போனபோது எடுத்துப் போனேன். பெயரெல்லாம் மாறியிருந்ததால் அம்மா முதலில் யாரோ கதை என்பது போல் புரட்டினாள். கிணற்றடித் தாளில் கை நின்றது.

"இது அவதானட்டி?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னும் கிட்டத்தில் பிடித்தாள்.

"பாவாடை நீலமில்ல. கத்தரிப்பூ கலரு. எங்க அப்பா தென்காசில எடுத்துக் குடுத்தது. இந்த வாளியும் இப்படி இருக்காது, ஓட்ட வாளி, அடில தார் பூசியிருக்கும். எழுதிக்கோ."

பட்டர் பேப்பர் ஒன்றை வெட்டி அந்தத் தாளின் மேல் வைத்து, அவள் சொல்வதை அப்படியே எழுத ஆரம்பித்தேன். நாலு தாளுக்கு மேல் போகவில்லை, சீரியல் நேரம் வந்துவிட்டது. மீதியை நாளைக்குக் கொண்டா என்றாள்.